8 மணி நேர ஷிப்டா, 12 மணி நேர ஷிப்டா? நர்சிங் முடித்து முதல் வேலைக்குப் போகிறவருக்கு

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: நர்சிங் முடித்தாயிற்று, பதிவும் கிடைத்துவிட்டது, கையில் இரண்டு வேலை இருக்கிறது. ஒன்று பெரிய மருத்துவமனை, 12 மணி நேர ஷிப்ட், வாரம் மூன்று நாள், பகலும் இரவும் மாறி மாறி. இன்னொன்று சின்ன இடம், 8 மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஆனால் இரண்டு வருடம் விலக மாட்டேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எதில் சேர்வது, இல்லை இரண்டையும் விட்டுவிட்டு ஏஜென்சி மூலம் பகுதி நேரமாகப் போகலாமா என்கிறீர்கள். கடைசி வரியில் போகிற போக்கில், முதல் வருடமே தாக்குப் பிடிக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ கேள்வியே அந்த வரிதான் என்று தோன்றுகிறது. மணிக்கணக்கை முதலில் பார்த்துவிட்டு அதற்கு வருகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிலை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தெரிய வேண்டும் அல்லவா. 22 வருடம் வார்டிலும் ஐசியுவிலும் வேலை பார்த்திருக்கிறேன், அதில் ஒன்பது வருடம் இன்சார்ஜாக மாதாமாதம் டூட்டி லிஸ்ட் போட்டவள். 8 மணி ஷிப்டும் செய்திருக்கிறேன், 12-ம் செய்திருக்கிறேன். கிளினிக், பள்ளி, வீட்டுக்குப் போய்ப் பார்க்கும் நர்சிங் இவற்றில் எனக்கு அனுபவம் இல்லை, அதனால் அவற்றைப் பற்றி இங்கே பேசவில்லை.

12 மணி நேரம் என்று தாளில் எழுதியிருப்பது 12 மணி நேரம் இல்லை, இதை முதலில் மனதில் வையுங்கள். ஏழு மணிக்கு ஷிப்ட் என்றால் ஆறே முக்காலுக்கு நீங்கள் அங்கே இருப்பீர்கள், புதியவர் என்றால் இன்னும் முன்னால், சார்ட் புரட்டிப் பார்க்க வேண்டும் என்ற பதற்றத்தில். முடியும்போது ஹேண்ட்ஓவர். நீங்கள் ஒப்படைக்க வேண்டியவர் தாமதமாக வருவார், வந்தவர் நாலாவது கட்டிலின் மருந்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார், அதற்கு விடை தேடும்போது நீங்கள் எழுதாமல் விட்ட ஒரு குறிப்பு ஞாபகம் வரும். அனுபவம் உள்ளவர் 20 நிமிடத்தில் முடிப்பதைப் புதியவர் முக்கால் மணி நேரம் செய்வார், அது குற்றமும் இல்லை, எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். 2004-இல் ஆன் ரோஜர்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அமெரிக்காவில் 393 நர்ஸ்களை தினமும் குறிப்பு எழுத வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள்: எப்போது வந்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள், எங்கே தவறு நடந்தது, எங்கே நடக்கப் பார்த்துத் தப்பியது என்று. குறுகிய ஷிப்டோடு ஒப்பிட்டால், 12.5 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்டபோது தவறு நடக்கும் வாய்ப்பு மூன்று மடங்காக இருந்தது. கணக்கு 12.5-இல் இருந்து ஆரம்பிக்கிறது, கவனியுங்கள். 12 மணி ஷிப்டில் இருக்கும் ஒருவருக்கும் அந்த எல்லைக்கும் நடுவே இருப்பது ஒரு இழுத்த ஹேண்ட்ஓவர், அவ்வளவுதான். அதனால் 12 மணி நேரம் தருகிறேன் என்கிற இடத்தில் கேட்க வேண்டியது, உங்கள் ஆட்கள் நேரத்துக்குக் கிளம்புகிறார்களா என்பது.

அதற்காக 8 மணி நேரம்தான் நல்லது என்று நான் முடிவு கட்டவில்லை. இந்த இடத்தில்தான் ஆய்வுகளும் ஒத்துப்போவதில்லை, வார்டில் இருப்பவர்களும் ஒத்துப்போவதில்லை. 12 மணி நேரத்தை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்கள் நிறையப் பேர், காரணமும் நியாயமானது: வாரத்தில் நாலு நாள் முழுசாக வீட்டில், போக்குவரத்து மூன்று தடவை மட்டும். அதே ஷிப்டில் எரிந்துபோய் வேலையை விட்டவர்களையும் ஆய்வுகளில் பார்க்கலாம், என் வார்டிலும் பார்த்தேன். என் சொந்த அபிப்பிராயம் என்னவென்றால், முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் 8 மணி நேரம் கொஞ்சம் கருணையானது. புதியவருக்கு எட்டாவது மணி நேரத்திலேயே தலை நிரம்பிவிடுகிறது, அதற்கு மேல் கற்றுக்கொடுத்தால் உள்ளே இறங்குவதில்லை. அப்புறம் பழகிவிடும். ஆனால் இது ஒரு இன்சார்ஜின் கண் கணக்கு, இதற்கு ஆய்வு ஆதாரம் என்று எதையும் நான் நீட்டப் போவதில்லை.

நீளத்தைவிட இடைவெளிதான் ஆளை வீழ்த்தும். 8 மணி ஷிப்ட் போடும் இடங்களில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு, மாலை ஷிப்ட் முடித்தவரை மறுநாள் காலை ஷிப்டுக்கே போடுவது. ஒன்பது மணிக்கு முடிந்து ஏழு மணிக்கு வர வேண்டும், தாளில் பத்து மணி நேர இடைவெளி. ஹேண்ட்ஓவர் முக்கால் மணி, வீட்டுக்குப் போக முக்கால் மணி, சாப்பிட்டு, குளித்து, மனசு அடங்கிப் படுக்க ஒரு மணி, காலையில் எழுந்து கிளம்பி வர ஒன்றரை மணி. மிஞ்சுவது ஆறு மணி நேரம், அதுவும் படுத்த உடனே தூக்கம் வந்தால். வாரத்தில் இப்படி இரண்டு முறை போட்டால் 12 மணி ஷிப்டே தேவலை என்று ஆகிவிடும். நானும் ஆள் பற்றாத மாதங்களில் இப்படிப் போட்டிருக்கிறேன், அதில் பெருமை இல்லை. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1977-இல் நர்ஸ்களுக்கென்றே ஒரு உடன்படிக்கையும், அதோடு 157-ஆம் எண் பரிந்துரையும் கொண்டுவந்தது. அந்தப் பரிந்துரை ஷிப்டுக்கும் ஷிப்டுக்கும் நடுவே குறைந்தது 12 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. ஓவர்டைமோடு சேர்த்து ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் கூடாது, வார ஓய்வு எப்படிப் பார்த்தாலும் தொடர்ச்சியாக 36 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது, டூட்டி லிஸ்டை வீட்டு வேலைகளைத் திட்டமிட்டுக்கொள்ளும் அளவுக்கு முன்கூட்டியே தர வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தினசரி ஓய்வு 11 மணி நேரம். 157 வெறும் பரிந்துரைதான், அதைக் காட்டி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, உங்களுக்கு எது சட்டம் என்பது உங்கள் நாட்டைப் பொறுத்தது. ஆனாலும் ஒரு டூட்டி லிஸ்ட் கையில் வந்ததும் எதை வைத்துப் பார்ப்பது என்று தெரியாமல் நிற்கிறவருக்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

இரவு டூட்டிக்கு வருகிறேன். பயப்படாதீர்கள், ஆனால் ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். 1997-இல் டாசன், ரீட் என்ற இருவர் செய்த சோதனையில், தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீதம் மதுவோடு இருப்பவர்களின் அளவுக்கு இறங்கியது. பல நாடுகளில் வண்டி ஓட்டுகிறவருக்கு அதுதான் சட்ட எல்லை. இப்போது உங்கள் முதல் நைட்: வழக்கம்போல் காலை எட்டுக்கு எழுந்து, பகலெல்லாம் வீட்டு வேலை பார்த்துவிட்டு, ராத்திரி எட்டுக்கு டூட்டிக்கு வருகிறீர்கள். அந்த 17 மணி நேரம் நள்ளிரவு ஒன்றுக்கே முடிந்துவிடுகிறது. இன்னும் ஏழு மணி நேரம் மருந்து கொடுக்க வேண்டும். அதனால் முதல் நைட்டுக்கு முன் மதியம் ஒன்றரை இரண்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும், தூக்கம் வராவிட்டாலும் அறையை இருட்டாக்கிவிட்டுப் படுங்கள். டூட்டியில் ஓய்வு நேரம் தருகிற இடமென்றால் இருபது நிமிடம் கண்ணை மூடலாம், அதற்கு மேல் போனால் எழும்போது தலை கிறுகிறுத்து, யார் எந்தக் கட்டில் என்று தெளியவே நேரம் பிடிக்கும். ஷிப்ட் சுழற்சி காலை, மாலை, இரவு என்று முன்னோக்கிப் போவதா, இரவில் இருந்து மாலை, மாலையில் இருந்து காலை என்று பின்னோக்கி வருவதா என்றும் கேளுங்கள். நம் உடம்புக் கடிகாரம் 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளமாக ஓடுவது, தூக்கத்தைத் தள்ளிப்போட அதற்கு எளிது, முன்னால் இழுப்பது கஷ்டம்.

சரி, பயத்துக்கு வருவோம். என் ஐந்தாவது மாதம், தொடர்ந்து நாலாவது நைட், மணி அதிகாலை நாலே கால். டிரிப் பம்பில் மணிக்கு 7.5 மில்லி போட வேண்டிய இடத்தில் 75 என்று அழுத்திவிட்டேன். ஸ்டார்ட் பட்டன் மேல் விரல் இருக்கிறது. பக்கத்துக் கட்டிலில் பிபி பார்த்துக்கொண்டிருந்த சீனியர் அக்கா தலையைத் திருப்பாமலே, "என்ன போட்டிருக்கே, வாய்விட்டுப் படி" என்றார். "எழுபத்தஞ்சு" என்று படித்தேன். படித்த பிறகும் எனக்குத் தப்பு தெரியவில்லை. அவர் எழுந்து வந்து சார்ட்டை என் கண் முன்னால் பிடித்து, விரலால் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டியபோதுதான் கைகால் நடுங்கியது. அன்று நான் எட்டாவது மணி நேரத்தில் இருந்தேன், அந்த இடம் 8 மணி நேர ஷிப்ட் இடம்தான். என்னையும் அந்த நோயாளியையும் காப்பாற்றியது ஷிப்டின் நீளம் கிடையாது, பக்கத்தில் ஒருவர் இருந்தார். அதே இடத்தில் அடுத்த வருடம் சேர்ந்த பெண்ணை மூன்றாவது வாரமே தனியாக நைட் போட்டார்கள், நாலு மாதத்தில் போய்விட்டாள். படிப்பில் எனக்கு மேலே இருந்தவள்.

ஆகவே இரண்டு இடத்திலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: எத்தனை வாரம் என்னை ஆள் எண்ணிக்கையில் சேர்க்காமல் வைத்திருப்பீர்கள்? வார்டுக்கு நாலு நர்ஸ் வேண்டும் என்றால், நீங்கள் ஐந்தாவதாக நிற்கிற வாரங்கள் எத்தனை என்று அர்த்தம். ஓரியன்டேஷன் ஒரு மாதம் என்பார்கள், விசாரித்தால் மூன்று நாள் வகுப்பு, ஒரு நாள் தீயணைப்புப் பயிற்சி, மிச்சம் முழு நோயாளிச் சுமையோடு வார்டில் என்று இருக்கும். அதை ஓரியன்டேஷன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரே ப்ரிசெப்டர் (கூடவே நின்று கற்றுக்கொடுக்கும் சீனியர் நர்ஸ்) உங்களோடு இருப்பாரா, உங்கள் இருவருக்கும் ஒரே ஷிப்ட் போடுவார்களா, அவருக்குத் தன் நோயாளிகளைக் குறைத்துத் தருவார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற இடம் நல்ல இடமாகத்தான் இருக்கும். பிரிட்டனில் ப்ரிசெப்டர்ஷிப், அமெரிக்காவில் பல மருத்துவமனைகளில் ஒரு வருட நர்ஸ் ரெசிடென்சி என்று வைத்திருப்பதெல்லாம் இதற்காகத்தான். படித்துவிட்டு வேலைக்கு வருகிறவர்கள் அடிபட்டுப் போவதை 'ரியாலிட்டி ஷாக்' என்று 1974-இல் மார்லீன் கிராமர் என்ற நர்சிங் ஆய்வாளர் எழுதினார், இன்றைக்கும் புதிதாக வருகிற ஒவ்வொருவரும் அது தனக்கு மட்டும் நடப்பதாக நினைத்துக் கழிப்பறையில் போய் அழுகிறார்கள். நானும் அழுதேன். உங்களுக்கும் மூன்றாவது மாதம் வாக்கில் வரலாம்.

இரண்டாவது கேள்வி, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி, பகலில் எத்தனை, இரவில் எத்தனை. 2002-இல் லிண்டா எய்கென் என்ற ஆய்வாளரின் குழு அறுவை சிகிச்சை நோயாளிகளிடையே செய்த ஆய்வில், ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடக் கூட, 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் உயர்வதோடு அது தொடர்புபட்டிருந்தது, நர்ஸ்களின் சோர்வும் கூடவே ஏறியது. ஆறு பேரோடு 12 மணி நேரமா, பதினான்கு பேரோடு 8 மணி நேரமா என்று யாராவது கேட்டால் நான் யோசிக்காமல் முதலாவதை எடுப்பேன்.

அந்த இரண்டு வருட பாண்டைப் பற்றி. பாண்ட் என்றாலே ஓடிவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், உண்மையாகவே ஆறு மாதம் பயிற்சிக்குச் செலவழிக்கிற இடம் அந்த ஆள் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் தப்பில்லை. ஆனால் தாளைக் கையில் வாங்கி வரி வரியாகப் படியுங்கள். விலகினால் கட்ட வேண்டிய தொகை மாதாமாதம் குறைகிறதா, இல்லை இருபத்து மூன்றாவது மாதம் போனாலும் முழுத் தொகையா? அவர்கள் வேலையை விட்டு அனுப்பினாலும் நீங்கள்தான் கட்ட வேண்டுமா? என்ன பயிற்சி என்று எழுதியிருக்கிறதா? "தேவைக்கேற்ப கூடுதல் நேரம் பணிபுரிய வேண்டும்" என்று ஒரு வரி எங்கேயாவது ஒளிந்திருக்கும், அதற்குச் சம்பளம் உண்டா, வரம்பு உண்டா என்று கேளுங்கள், பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். எந்த வார்டு என்று எழுதாமல் விட்டிருந்தால் எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று பொருள். இது சட்டப்படி செல்லுமா செல்லாதா என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதை உங்கள் ஊர் நர்ஸ் சங்கத்திலோ தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடமோ காட்டுங்கள், என்னைப் போன்றவர்கள் சொல்வதை வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒன்று மட்டும் தயங்காமல் சொல்வேன்: அசல் சான்றிதழையும் பாஸ்போர்ட்டையும் யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சரிபார்க்கக் காட்டலாம், நகல் தரலாம். அடையாள ஆவணங்களைப் பிடித்து வைத்துக்கொள்வதை, சர்வதேச தொழிலாளர் அமைப்பு கட்டாய உழைப்பின் அறிகுறிகளில் ஒன்றாகவே பட்டியலிட்டிருக்கிறது.

ஏஜென்சி இப்போது வேண்டாம். அங்கே போகிறவர் இன்றைக்கு ஒரு வார்டு, நாளைக்கு இன்னொன்று என்று மருந்து அலமாரி எங்கே இருக்கிறது என்பதையே தேடிக்கொண்டிருப்பார். அனுபவம் உள்ளவருக்கு அது தூசு, உங்களுக்கு அதுவே பாதி நாளைத் தின்றுவிடும். கற்றுக்கொடுக்கவும் ஆள் இருக்காது, ஏனென்றால் வேலை தெரிந்தவர் என்றுதான் பணம் கொடுத்துக் கூப்பிடுகிறார்கள். பெரும்பாலான ஏஜென்சிகள் அனுபவம் கேட்பதும் அதனால்தான். பகுதி நேரம் வேறு விஷயம். கைக்குழந்தை, வீட்டில் நோயாளி என்று காரணம் இருந்தால் ஒரே வார்டில் வாரம் இரண்டு மூன்று ஷிப்ட் என்று போவது முடியாத காரியமில்லை, கற்றுக்கொள்வது மெதுவாகும், அவ்வளவுதான். என்னிடம் அப்படி வந்த ஒரு பெண்ணுக்கு மற்றவர்கள் ஆறு மாதத்தில் எட்டிய இடத்தை எட்டப் பத்து மாதம் ஆனது, அதற்கப்புறம் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காரணம் எதுவும் இல்லை, பயம் மட்டும்தான் என்றால் முழு நேரமே போங்கள், வாரம் இரண்டு நாள் மட்டும் போனால் ஒவ்வொரு முறையும் முதல் நாள் போலவே இருக்கும். நிரந்தர நைட் கொடுத்தால் கூடுதல் படி கிடைக்கும், ஆனால் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவதும், புது நோயாளியைச் சேர்ப்பதும், வீட்டுக்கு அனுப்பும்போது சொல்லிக்கொடுப்பதும் பெரும்பாலும் பகலில். முதல் வருடத்தில் அதைப் பார்க்காமல் விட்டால் பின்னால் இடிக்கும்.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால், நீங்கள் கொடுத்த விவரத்தை மட்டும் வைத்துப் பெரிய மருத்துவமனைப் பக்கம் சாய்கிறேன், 12 மணி நேரமாக இருந்தாலும். பெரிய இடத்தில் இரவிலும் பக்கத்து வார்டில் வேலை தெரிந்த ஒருவர் இருப்பார், ஓடிப்போய்க் கூப்பிடலாம். தொடர்ந்து மூன்று 12-க்கு மேல் போட மாட்டார்கள் என்றும், ஆஃப் நாளில் கூப்பிட்டால் வர முடியாது என்று சொல்ல உரிமை உண்டு என்றும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ஏனென்றால் வாரம் மூன்று நாள் என்று சேர்ந்து, நாலாவது நாள் ஓவர்டைமுக்குப் போய், அது வழக்கமாகிவிட்டால் வாரம் 48 மணி நேரம், அந்த நாலு நாள் ஓய்வு என்கிற லாபமே போய்விடும். சின்ன இடத்தில் நல்ல சீனியர் ஒருவர் இருக்கிறார், எண்ணிக்கைக்கு வெளியே எட்டு வாரம் வைத்திருப்பார்கள் என்று தெரிந்தால் என் பதில் மாறும்.

இதையெல்லாம் நேர்முகத் தேர்வில் கேட்டால் எல்லா இடத்திலும் நல்ல பதில்தான் வரும். அதனால் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நாள், ஷிப்ட் மாறும் நேரத்துக்குக் கால் மணி முன்னால் போய் அந்த மருத்துவமனை வாசலில் உட்காருங்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் எத்தனை மணிக்கு வெளியே வருகிறார்கள், தனியாக வருகிறார்களா பேசிக்கொண்டு வருகிறார்களா என்று பாருங்கள். சின்ன வயதாக ஒருவர் கடைசியில் வருவார். முடிந்தால் அவரிடம் பேச்சுக் கொடுத்து, நேற்று நைட்டில் கூட யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.